வியர்த்த சுவர்

நிலத்துக்குக் கீழே குடியிருத்தல் எலிக்கும் பாம்புக்கும் உரியது என்று எண்ணி வளர்ந்தவர்கள் நாம். யாழ்ப்பாணத்திலே வீடு கட்டப் புகுவோர், அத்திவாரம் வெட்டும்போது சிறிது ஆழத்திலேயே சுண்ணாம்புப் பாறை தட்டுப்பட்டால் மகிழ்வர். அதன்மேற் கல்லடுக்கிச் சுவர் எழுப்புவர். கீழேயும் ஓர் அறை இருக்கட்டும் என்று எவரும் கேட்டதாக நாம் அறியோம். கேட்டிருந்தாலும் ஐப்பசி கார்த்திகை மழையிலே அது கேணியாகி இருக்கும். ஆகவே, தொண்ணூறுகளிலே கனடாவிலிருந்து எமது அக்கா எழுதிய கடிதங்களில் 'பேஸ்மென்ற்' என்னும் சொல்லை முதன்முதலாக வாசித்தபோது, அது ஏதோ மாளிகையின் ஒரு பகுதிக்குப் பெயர் போலும் என்றே கருதினோம். "நாங்கள் ஒரு வீட்டின் பேஸ்மென்றில் இருக்கிறோம்; எல்லா வசதியும் உண்டு" என்று அக்கா எழுதியிருந்தார். அம்மா அக்கடிதத்தை அயலவர்க்கெல்லாம் வாசித்துக் காட்டினார். அந்தச் சொல்லின் உண்மைப் பொருளை அறிய எமக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் சென்றன.

2022 ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில், கல்லூரியிலே ஓராண்டு சம்பளமற்ற விடுமுறை பெற்று, ரொறன்ரோ நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் அக்கா வீட்டுக்குச் சென்றோம். அறுபதுகளிலே கட்டப்பட்ட, மாடியில்லாத செங்கல் வீடு அது. வெளியே நின்று பார்ப்பவர் கண்ணுக்குப் பாதி வீடுதான் தெரியும். மற்றப் பாதி மண்ணுக்குள்ளே கிடக்கிறது. அதனை இனி நிலவறை என்றே சொல்வோம்.

குளிர் நாட்டார் வீட்டுக்கு வீடு இப்படி ஒரு குழி தோண்டியது ஏன் என்று மாணவர்கள் கேட்கலாம். அந்நாட்டிலே மாரியில் மண்ணிலுள்ள நீர் உறையும். உறையும் நீர் பருக்கும். பருக்கும் மண் தன்மேல் உள்ள அத்திவாரத்தைத் தூக்கி எறியும். ரொறன்ரோவில் உறைபனி ஏறத்தாழ நான்கடி ஆழம்வரை இறங்கும் என்று கொண்டு, அத்திவாரத்தை அதற்குக் கீழே வைக்கிறார்கள். நான்கடி தோண்டியவன் இன்னும் நான்கடி தோண்டினால் ஓர் அறைத்தொகுதியே கிடைக்கிறது. முற்காலத்தில் நிலக்கரியும் கிழங்கும் சேமித்த இடம் அது. பின்னர் உலையும் துணி துவைக்கும் இயந்திரமும் அங்கே இறங்கின. அதற்கும் பின்னர் எமது மக்கள் இறங்கினார்கள்.

எமக்குப் படுக்கை நிலவறையிலே போடப்பட்டிருந்தது. சுவர்கள் எட்டு அங்குலத் தடிப்புள்ள கொங்கிறீற்று, அதன்மேல் வெள்ளைப் பூச்சு, வேறொன்றும் இல்லை. முதலாம் இரவு ஒரு புதுமை கண்டோம். அறையின் வெப்பமானி 21 பாகை காட்டியது. 21 பாகை என்றால் நுவரெலியாவிலே சால்வையைக் கழற்றி வைக்கும் பதம். ஆயினும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தால் முகம் சில்லிட்டது. மறுபக்கம் திரும்பினால் முதுகு சில்லிட்டது. வெப்பமானி பொய் சொல்லவில்லை. கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல் என்று மூன்றையும் இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிவந்தோமல்லவா, அவற்றுள் மூன்றாவது எமது முதுகிலேயே பாடம் நடத்திக்கொண்டிருந்தது. காற்று எவ்வளவு சூடாக இருந்தாலும், பக்கத்திலே குளிர்ந்த சுவர் நின்றால் உடம்பு தன் வெப்பத்தை அதற்கு வீசிக்கொண்டே இருக்கும். அக்காவும் அத்தானும் வெப்பத்தை இன்னும் இரண்டு பாகை கூட்டிப் பார்த்தார்கள். எரிவாயுப் பட்டியல் கூடியதேயன்றி முதுகின் குளிர் குறையவில்லை.

மண்ணே ஒரு போர்வைதானே, மண்ணுக்குள் உள்ள சுவருக்கு வேறு போர்வை எதற்கு என்று அத்தான் கேட்டார். எமக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஈரமண் நல்ல போர்வை அன்று. ஆழத்திலுள்ள மண் அங்கே பத்துப் பாகைக்கு அண்மையிலேயே ஆண்டு முழுதும் நிற்பது. வீட்டின் சூட்டை ஓயாது உறிஞ்சிக்கொண்டிருக்கும். மண்ணுக்கு மேலே தெரியும் ஓரடி இரண்டடிச் சுவரின் நிலை அதனிலும் மோசம். அது பூச்சியத்துக்குக் கீழே 15 பாகைக் காற்றை நேரே எதிர்கொள்கிறது. போர்வையில்லாத நிலவறை வழியாக ஒரு வீட்டின் வெப்ப இழப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் வெளியேறக்கூடும். கொங்கிறீற்று உறுதியிலே மலை. வெப்பத்தைத் தடுப்பதிலோ சல்லடை. அங்கே கடைகளிலே விற்கும் நுரைப்பலகை ஓர் அங்குலத் தடிப்பில் 'ஆர்-5' என்னும் தடையளவு உடையது. அந்த ஓர் அங்குலத்துக்கு ஈடாக வேண்டுமானால் கொங்கிறீற்று ஏறத்தாழ ஐந்தடி தடிப்பாக இருக்கவேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று, எமது ஊர்க் கிடுகுக் கூரையின் அருமை விளங்கியது. கிடுகிலே குளிர்ச்சி ஏதும் இல்லை. அதன் மடிப்புக்களுக்குள் அசையாது கிடக்கும் காற்றே வெயிலைத் தடுப்பது. நுரைப்பலகையும் கண்ணாடி நார்ப் பஞ்சும் செய்வது அதே வேலைதான். நாமோ கிடுகைப் பிரித்தெறிந்துவிட்டுத் தகரத்தைப் போட்டுக்கொண்டு வெயிலைக் குறை கூறுகிறோம், அது நிற்க.

மார்கழி மாதத்தில் மற்றுமொரு சங்கதி. ஊரிலிருந்து கொண்டுபோன முருகன் நாட்காட்டியைச் சுவரிலே ஒட்டுநாடாவால் ஒட்டியிருந்தோம். மூன்றாம் நாட் காலையில் அது கீழே கிடந்தது. மறுபடி ஒட்டினோம், மறுபடி விழுந்தது. சுவரைத் தடவிப் பார்த்தால் விரல் நனைந்தது.

"சுவர் வேர்க்குது தம்பி. இங்க எல்லா வீட்டிலயும் இப்பிடித்தான்" என்றார் அக்கா.

எமக்கு மகிழ்ச்சி ஏற்பட்டது என்பதை ஒப்புக்கொள்ள வெட்கமாயிருக்கிறது. துலக்கிய கலோரிமானியிலே பனிக்கட்டியை இட்டுக் கலக்கி, மேற்பரப்பு மங்கும் கணத்தில் வெப்பநிலையை வாசித்துப் பனிபடுநிலை காணும் பரிசோதனையை உயர்தர வகுப்பு மாணவர் அனைவரும் செய்திருப்பர். அதே பரிசோதனையை அங்கே ஒரு வீடு முழுவதும் செய்துகொண்டிருந்தது. காற்று 21 பாகையிலும் சாரீரப்பதன் 50 சதவீதத்திலும் இருக்குமாயின் பனிபடுநிலை ஏறக்குறைய 10 பாகை. சுவரோ 9 பாகையில் நின்றது. சமையலறை நீராவியும், குளியலறை நீராவியும், ஐந்து பேரின் மூச்சும் கீழே இறங்கி அந்தச் சுவரிலே நீராகப் படிந்தன. இதனை அத்தானுக்குத் தாளில் வரைந்து விளக்கினோம். சுவருக்குப் போர்வை போட்டு விட்டால் வியர்வை நின்றுவிடும் என்றும் சொன்னோம். இந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் நாம் சொல்லியிருக்கக் கூடாது.

அத்தானுக்கோ அவசரம். அவருடைய ஊர் நண்பரின் மகனும் மருமகளும் ஒன்றரை வயதுக் குழந்தையோடு சித்திரை முடிவிலே வாடகைக்கு வருவதாக ஏற்பாடு. அந்த ஓர் ஆண்டுக்குள் கனடிய மத்திய வங்கி தனது வட்டி வீதத்தை 0.25 இலிருந்து 4.25 சதவீதத்துக்கு உயர்த்தியிருந்தது. வீட்டுக்கடனின் தவணைப் பணம் மாதந்தோறும் ஏறியது. நிலவறையின் வாடகை இல்லாவிட்டால் வீட்டைக் காப்பாற்றுவது கடினம் என்று அவர் வெளிப்படையாகச் சொல்லாவிடினும், இரவு வெகுநேரம் கணக்குப் புத்தகத்தோடு அவர் இருந்ததைக் கண்டோம். உறவினர் ஒருவர் மூலம் ஒரு வேலையாள் வந்தார். குறைந்த கூலி, விரைந்த வேலை. சுவரோடு ஒட்ட மரச்சட்டம் நிறுத்தி, சட்டங்களுக்கிடையே கண்ணாடி நார்ப் பஞ்சை அடைத்து, அதன்மேல் பொலித்தீன் விரித்து, ஜிப்சம் பலகையால் மூடிவிடுவதாகச் சொன்னார்.

"தம்பி, நீர் பௌதிக வாத்தியார். நீர் சொல்லும், இது சரிதானே?" என்று அத்தான் எம்மைக் கேட்டார்.

சரி என்றோம். தை மாதம் நான்கு நாளில் வேலை முடிந்தது. சுவர் அழகாக இருந்தது. முதுகுக் குளிர் போயிற்று. நாட்காட்டி விழவில்லை. அக்கா வந்தவர்களிடமெல்லாம், "தம்பி சொல்லித்தான் செய்தது" என்று காட்டினார்.

பங்குனி நடுவிலே பனி உருகத் தொடங்கியது. ஒருநாள் காலையில் நிலவறையிலே ஒரு மணம். நனைந்த சாக்கை மூலையில் போட்டு மறந்துவிட்டால் வருமே, அந்த மணம். இரண்டு மூன்று நாட்கள் எவரும் அதைப்பற்றிப் பேசவில்லை. அழையாத விருந்தாளியைப் போல அது ஒவ்வொரு நாளும் சற்று முன்னேறி வந்து உட்கார்ந்தது. ஈற்றில் மூலையிலே ஒரு பலகைத் துண்டை அறுத்து எடுத்தோம். பொலித்தீனின் உட்பக்கம் முழுவதும் நீர்த்துளி. பஞ்சு நனைந்து தொய்ந்திருந்தது. நிலத்தோடு கிடந்த மரச்சட்டத்தை விரலால் அழுத்த ஈரம் கசிந்தது. பலகையின் பின்புறத்தில் கரும்புள்ளிகளாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. எவரும் அடிக்காத வர்ணம் அது.

பிழை எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு நாட்கள் சென்றன; கண்டதும் தலைகுனிந்தோம். சுவருக்கு வந்த நீர் ஒன்று அன்று, இரண்டு. முதலாவது நாம் அறிந்த வியர்வை. அதை நாம் நிறுத்தவில்லை, மறைத்தோம். உட்புறம் போர்வை போட்டதும் அறையின் சூடு கொங்கிறீற்றுக்குப் போகாது நின்றது. ஆதலின் கொங்கிறீற்று முன்னிலும் குளிர்ந்தது. பஞ்சோ காற்றை முற்றாகத் தடுப்பதன்று. மின்செருகிகளின் ஓரத்தாலும் சட்டங்களின் இடுக்காலும் அறையின் ஈரக்காற்று உள்ளே புகுந்து, முன்னிலும் குளிர்ந்த சுவரை மோதி, எவர் கண்ணுக்கும் படாமல் முன்னிலும் அதிகமாய் வியர்த்தது. இரண்டாவது நீர் வெளியிலிருந்து வந்தது. கூரைப் பீலியின் குழாய் அந்த மூலையில், சுவருக்கு ஒரு முழத்துக்குள்ளேயே தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. அவ்விடத்து மண்ணும் காலப்போக்கிலே தாழ்ந்து வீட்டுப் பக்கமே சரிந்திருந்தது. உருகிய பனியெல்லாம் அங்கே தேங்கிற்று. கொங்கிறீற்று ஈரத்தை உறிஞ்சும். வெறுஞ் சுவராக இருந்த காலத்தில் அந்த ஈரம் அறைக்குள் மெல்ல உலர்ந்து போயிருக்கும். நாம் அதன் முகத்திலே பொலித்தீனைக் கட்டிவிட்டோம். பனிபடுநிலையைக் கற்பிக்கத் தெரிந்த எமக்கு, மழை பெய்யும்போது வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்க்கத் தோன்றவில்லை. ஊரிலே எந்தக் கமக்காரனும் முதலிற் செய்வது அதுவாகத்தான் இருக்கும்.

அடைத்துவிட்டு நோயை வாங்கியவர்கள் நாம் மட்டும் அல்லர் என்பதைப் பின்னர் வாசித்தறிந்தோம். 1973 ஆம் ஆண்டு எண்ணெய் விலை ஏறியதும் கனடா முழுவதும் வீடுகளுக்குப் போர்வை போடும் வேகம் பிறந்தது. அரசாங்கம் உதவிப் பணமும் கொடுத்தது. அவ்வேகத்திலே ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவர்களுக்குள் யூரியா போர்மல்டிகைட்டு நுரையைப் பாய்ச்சினார்கள். அதிலிருந்து எழுந்த ஆவிபற்றி முறைப்பாடுகள் வர, 1980 மார்கழியிலே அரசாங்கமே அதனைத் தடைசெய்தது. அதே காலத்தில் நிதானமாகச் செய்தவர்களும் இருந்தார்கள். 1977 இல் சஸ்காச்சுவான் மாகாணத்தின் றெஜைனா நகரிலே, வழமையான உலையே இல்லாமல் ஒரு வீடு கட்டிக் காட்டினார்கள். தடித்த போர்வையும் காற்றுப் புகாத கட்டும் கொண்ட வீடு; கெட்ட காற்றை வெளியேற்றும்போது அதன் சூட்டை மட்டும் மீட்டெடுக்கும் கருவியும் அங்கே இருந்தது. பின்னர் உலகெங்கும் எழுந்த சிக்கன வீடுகளுக்கு அஃது ஒரு முன்னோடி.

இனி வீட்டுக்கு வருவோம். அறுத்த பலகைக்கு முன்னால் நாங்கள் மூவரும் நின்றோம். அத்தான் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "இந்த மூலையை மட்டும் மாத்திப் போட்டு, மருந்தடிச்சு மூடுவம். கோடை வந்தாற் காயும். ஆக்கள் வர இன்னும் ஆறு கிழமைதான் கிடக்கு" என்றார். அவரைக் குறை கூற எமக்கு வாய் எழவில்லை. சரி என்று சொன்ன வாய் எமது வாய்.

அக்கா படிக்கட்டிலே போய் உட்கார்ந்தார். "96 ஆம் ஆண்டு மாரி உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?" என்று அத்தானைக் கேட்டார். அத்தான் தலையை மட்டும் அசைத்தார்.

அந்த மாரியிலே அவர்கள் இருந்த நிலவறையைப் பற்றி அக்கா அன்றுதான் எமக்குச் சொன்னார். ஓர் அறை, ஒரு சிறு யன்னல், அதற்கு வெளியே பனி மூடினால் பகலும் இரவும் ஒன்று. சுவரோரம் கட்டிலைப் போட்டால் மெத்தையின் கீழ்ப்பக்கம் நனையுமாம். அதனால் அறையின் நடுவிலே கட்டிலைப் போட்டு, பிள்ளையை இருவருக்கும் நடுவிலே கிடத்தினார்கள். பிள்ளை இரவிரவாக இருமினான். வீட்டுக்காரரிடம் சொன்னபோது, பிள்ளைகள் என்றால் இருமும்தானே என்றாராம். அவரும் எமது ஊரவர்தான். ஒருநாள் அலுமாரியை நகர்த்திப் பார்த்தால் பின்னாற் சுவர் முழுவதும் கறுத்திருந்தது. அக்கா அதை வெளிற்றும் தூள் போட்டுத் தேய்த்தாராம். மாசி முடியுமுன் மறுபடி கறுத்ததாம். வேறு வீடு பார்க்கக் காசில்லை, ஊருக்கு அனுப்பவேண்டியிருந்தது. பிள்ளைக்கு இழுப்பு என்று வைத்தியர் சொன்னார். இன்று இருபத்தெட்டு வயதில் உயரமாக நிற்கும் எமது மருமகனின் சட்டைப்பைக்குள் நீலநிற உறிஞ்சியொன்று எப்போதும் இருப்பதைக் கண்டிருக்கிறோம். ஏன் என்று நாம் கேட்டதில்லை. அந்தச் சுவர்தான் காரணம் என்று எவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆயினும் ஒரு தாயிடம் அந்த வாதம் செல்லாது.

ஊருக்கு அனுப்பிய காசு என்றாரே, அந்தக் காசிலேதான் நாம் பல்கலைக்கழகப் புகுமுக வகுப்புக்குப் புத்தகம் வாங்கினோம்.

"அந்த ஆள் செய்ததை நாங்களும் செய்யப்போறமோ?" என்று அக்கா கேட்டார். உரத்துக் கேட்கவில்லை. அத்தான் எழுந்துபோய், வரவிருந்த குடும்பத்துக்குத் தொலைபேசியெடுத்து, ஆனி மாதம் பிறந்தபின் வருமாறு சொன்னார். அவர்கள் அதுவரை எங்கே இருப்பார்கள் என்ற கவலையும் எங்களோடு சேர்ந்துகொண்டது. ஓர் உறவினர் வீட்டு விறாந்தை அறையிலே தங்கினார்கள்.

சுவர் முழுவதையும் உரித்தோம். முகமூடியும் கையுறையும் அணிந்து, நனைந்த பஞ்சையும் பலகையையும் தடித்த பைகளிலே கட்டி வெளியேற்றினோம். பூஞ்சணம் பிடித்த பலகையைத் துடைத்து மீண்டும் பாவிக்கலாம் என்பது பேராசை. அதனுள் ஊறியது போகாது. அதன் பிறகு உள்ளே ஒரு வேலையும் செய்யவில்லை. வெளியே சென்றோம். பீலிகளிலே நிறைந்திருந்த சருகை அள்ளினோம். பீலிக்குழாயை நீட்டித் தண்ணீரைச் சுவரிலிருந்து இரண்டு மீற்றருக்கு அப்பால் விழச்செய்தோம். களிமண் கொண்டுவந்து சுவரோரம் உயர்த்தி, வாய்க்காலுக்கு வரம்பு கட்டுவது போல மிதித்து, வெளிப்புறம் சரிய விட்டோம். இந்த வேலைக்குப் பௌதிகம் தேவைப்படவில்லை. தந்தையாரின் தோட்டத்திலே மண்வெட்டி பிடித்த பழக்கம் போதுமாயிருந்தது. செலவோ மிகச் சொற்பம். சுவரிலே தெரிந்த மயிர்க்கோடு போன்ற வெடிப்பு ஒன்றை அத்தொழில் தெரிந்தவர் ஒருவர் வந்து அடைத்தார்.

பின்னர் காத்திருந்தோம். காத்திருக்கையிலே செய்த ஒரு சோதனையை எவரும் செய்யலாம். இரண்டடிச் சதுரமான பொலித்தீன் துண்டொன்றை வெறுஞ் சுவரிலே வைத்து, நான்கு ஓரமும் இடைவெளி இல்லாமல் ஒட்டிவிட்டு, இரண்டு நாள் கழித்துப் பார்க்கவேண்டும். அறையை நோக்கிய பக்கம் நனைந்திருந்தால் அது வியர்வை. சுவரை நோக்கிய பக்கம் நனைந்திருந்தால் நீர் சுவரின் வழியே வருகிறது. முதன்முறை பார்த்தபோது சுவர்ப்பக்கம் நனைந்திருந்தது. சித்திரை மழைக்குப் பிறகு பார்த்தபோதும் சற்று நனைந்திருந்தது. அத்தான் ஒன்றும் சொல்லாமல் நாட்காட்டியைப் பார்த்தார். வைகாசி நடுவிலே, இரண்டு நாள் விடாது பெய்த மழைக்குப் பின், துண்டை எடுத்தபோது இரண்டு பக்கமும் உலர்ந்திருந்தன. அந்த இரவு அக்கா புட்டும் மாம்பழமும் தந்தார்; மாம்பழம் பெட்டியிலே வந்த வெளிநாட்டுப் பழம், எமது கறுத்தக் கொழும்பானுக்கு நிகராகுமா என்று கேளாதீர்கள்.

அதன் பின்னரே போர்வை. இம்முறை பஞ்சைச் சுவரிலே தொடவிடவில்லை. இரண்டு அங்குல நுரைப்பலகையை, நுரையை அரிக்காத பசையினால், கொங்கிறீற்றோடு இடைவெளி இல்லாது ஒட்டினோம். பொருத்துக்களை நாடாவினால் மூடினோம். இதன் தடையளவு ஆர்-10. அறையின் காற்று இனிக் கொங்கிறீற்றைத் தொடமுடியாது, தொட்டாலன்றோ வியர்க்கும். அதற்கு முன்னால் மரச்சட்டம். சட்டங்களுக்கிடையே ஆர்-12 பஞ்சு. பொலித்தீன் போடவில்லை, அந்தத் தடிப்பிலே நுரைப்பலகையே நீராவிக்குப் போதிய தடை. சட்டத்தின் அடிமரத்துக்குக் கீழே மெல்லிய நுரைப்பட்டி ஒன்றை விரித்து நிலத்தின் ஈரத்திலிருந்து பிரித்தோம். ஜிப்சம் பலகையை நிலத்துக்கு அரை அங்குலம் மேலே நிறுத்தினோம். நுரையைத் திறந்தபடி விடலாகாது. தீப்பிடித்தால் நச்சுப்புகை கக்கும். ஜிப்சம் பலகை அதற்குக் கவசம்.

சுவரின் உச்சியிலே, கொங்கிறீற்றின்மேல் வீட்டின் மரத்தளம் வந்து உட்காரும் இடம் ஒன்றுண்டு. எவரும் அண்ணாந்து பாராத இடம். காற்று மிக அதிகமாகப் புகுவது அங்கேதான். சூடான காற்று மேலே ஏறிக் கூரை வழியே கசிய, அதன் இடத்தை நிரப்பக் குளிர்காற்று அடியால் இழுபடும். வீடு ஒரு புகைபோக்கி போல வேலை செய்யும். ஒவ்வோர் இடைவெளிக்கும் நுரைப்பலகையை அளந்து வெட்டிச் செருகி, ஓரங்களைத் தகரத்தில் வரும் நுரையினால் அடைத்தோம். நாற்பதுக்கு மேற்பட்ட துண்டுகள். கழுத்து ஒரு கிழமை நொந்தது. மற்றெல்லா வேலையையும் கூலிக்குக் கொடுத்தாலும் இதனை வீட்டுக்காரரே செய்வது நன்று என்பது எமது எண்ணம். கூலிக்குச் செய்பவர் இதிலே பொறுமை காட்டார்.

வாடகைக்கு விடுவதாயின் நகரசபையின் அனுமதி, தீயில் வெளியேறும் வழி, புகை அறிவிப்பி முதலியனவும் வேண்டும். அனுமதி பெற்ற கதையை எழுதினால் இப்பக்கம் போதாது. மற்றொன்றையும் சொல்லவேண்டும். கனடாவிலே மண்ணிலிருந்து றேடன் என்னும் கதிர்த்தொழிற்பாட்டு வாயு நிலவறைகளுக்குள் கசிவதுண்டு. கன மீற்றருக்கு 200 பெக்கரல் என்பது அந்நாட்டுச் சுகாதாரப் பகுதியினர் வகுத்த எல்லை; அதற்கு மேற்பட்டால் பரிகாரம் செய்யவேண்டும். அளக்கும் சிறு பெட்டி கடைகளில் விற்கிறது. மூன்று மாதமாவது வைத்து அளப்பது முறை. அக்கா வீட்டிலே அளவு எல்லைக்குள் இருந்தது. அங்கே உறவினர் உள்ள வாசகர்கள் இதனை அவர்களுக்கு எழுதலாம்.

ஆனி மாதம் அந்த இளங்குடும்பம் வந்து சேர்ந்தது. கோடையிலே வெளியிலுள்ள வெக்கையான ஈரக்காற்று குளிர்ந்த நிலவறைக்குள் இறங்கி வியர்க்கக்கூடும் என்பதால், ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றையும் சாரீரப்பதன் காட்டும் சிறு கருவி ஒன்றையும் வைத்தோம். 50 ஐத் தாண்டினால் இயந்திரத்தைப் போடவேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தோம். அவள், "சேர், நான் உயர்தரம் படிச்சனான்" என்று சிரித்தாள். கார்த்திகையிலே நாம் ஊர் திரும்பினோம்.

2024 தை மாதத்தில் அத்தான் தொலைபேசியிலே பேசினார். எரிவாயுப் பட்டியல் கீழே ஆட்கள் இருந்தும் முந்திய தையைவிடக் குறைந்திருக்கிறதாம். ஆனால் இரண்டுமுறை செய்த செலவையும் சேர்த்துப் பார்த்தால், போட்ட காசு திரும்பப் பல ஆண்டுகள் செல்லும் என்று கணக்குச் சொன்னார். முதல்முறைச் செலவை எமது பெயரில் எழுதிவைக்குமாறு கேட்டோம். "அதை எப்பவோ எழிதியாச்சு" என்றார்.

பிறகு அக்கா பேசினார். முந்தின நாள் வெளியே பூச்சியத்துக்குக் கீழே 18 பாகையாம். கீழே போய், கட்டிலை எங்கே போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தாராம். சுவரோடு சேர்த்துப் போட்டிருந்தார்களாம். பிள்ளை சுவர்ப்பக்கம் கிடந்து நித்திரையாம்.